விருதுநகர் வழியாகச் சீனத்துக்கு

காலை ஆறு மணி. மதுரையில் விருதுநகர் பஸ் ஏறினேன். முப்பது மைல். சீனச் சண்டை முடிந்து வந்த ஆடி மாதம் அது. சிவகாசி அச்சகத்திலிருந்து, "புத்தக விஷயம், நேரில் வரவும்" என்று ஒரு கார்டு வந்திருந்தது. காரணம் எழுதவில்லை. கல்லூரியில் தமிழ் சொல்லிக்கொடுக்கும் நான், சில வருஷங்களாக ஆங்கில மொழிபெயர்ப்புகளைப் படித்து, விமர்சனக் கோட்பாடுகளை அவற்றின்மேல் பொருத்திப் பார்த்து, 'நவீன சீன இலக்கியம்' என்று ஒரு நூல் எழுதி அங்கே அச்சுக்குக் கொடுத்திருந்தேன். சண்டைக்குப் பிறகு அது வெளிவருமா, அத்தனை உழைப்பும் வீணா?

எட்டு மணிக்கு விருதுநகர். ஒரு காபி குடித்துவிட்டுச் சிவகாசி வண்டியில் இடம் பிடித்தேன். இன்னும் பதினாறு மைல். மழை காணாத கரிசல் காடு இருபுறமும் சும்மா கிடந்தது. பக்கத்தில் இருந்தவர் தீப்பெட்டி ஏஜெண்டு. மடியில் இரண்டு லேபிள் கட்டு. ஒன்றில் கிளி, மற்றதில் புலி. எது உயர்ந்த சரக்கு என்று கேட்டேன். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"சரக்கு ஒண்ணுதான் சார். ஒரு ஊர்ல கிளி போகும், ஒரு ஊர்ல புலிதான் போகும். போகலைன்னா லேபிளை மாத்தி விட்டுருவோம்."

எனக்கு அது ஏமாற்று வேலையாகப் பட்டது. அவரோ நிம்மதியாகத் தூங்கிப்போனார்.

ஒன்பதரைக்குச் சிவகாசி. அதற்குள் வெயில் மண்டையைப் பிளந்தது. கந்தக வாடையும் பசை வாடையும் கலந்த சந்து ஒன்றில் அச்சகம். தீபாவளி சீசன் என்பதால் உள்ளே கால் வைக்க இடமில்லை, எங்கே பார்த்தாலும் வெடி லேபிள்கள். முதலாளி மாரியப்பன் வாயெல்லாம் பல்லாக வரவேற்று, கலர் சோடா வாங்கிக் கொடுத்து, அச்சான தாள்களை என் முன் வைத்தார்.

'நவீன ஜப்பான் இலக்கியம்' என்றிருந்தது. வேறு யாருடைய புத்தகமோ என்று தள்ளி வைக்கப் போனேன். கீழே என் பெயர்.

"சீனான்னு போட்டா இப்ப எவனும் தொட மாட்டான் சார். போலீசு வேற வரும். உங்க உழைப்பு வீணாப் போயிரக்கூடாதுன்னு லேபிளை மட்டும் மாத்தினோம். சரக்குல கை வைக்கல" என்றார் மாரியப்பன்.

எனக்கு வந்த கோபத்தில் வாய் குழறியது. எங்கெங்கே அபத்தமாகிவிட்டது என்று அவருக்குக் காட்டுவதற்காகத் தாள்களைப் புரட்டினேன். வடிவம், உள்ளடக்கம், நடப்பியல், சமூக முரண் என்று நான் எழுதியவை எல்லாம் அப்படியே இருந்தன. சீனம் இருந்த இடத்தில் ஜப்பான். முதல் அத்தியாயத்தில் ஒரு வாக்கியமும் இடறவில்லை. இரண்டாவதிலும் இல்லை. திரும்ப ஒருமுறை படித்தேன். இது நான் எழுதியதுதானா, எதைப் பற்றி எழுதினேன் என்றே புரியாமல் போயிற்று. அவமானமாக இருந்தது.

பிறகு எதற்கு வரச்சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"மூணாவதுல கதை ஆளுக வந்துட்டாக சார். பஞ்சத்துல விதைநெல்லை அவிச்சுத் தின்னவன், அவன் பொண்டாட்டி, அவுக ஊரு, ஆறு. அதுக்கு மேல மாத்த முடியல. அதான் வேலைய நிறுத்திட்டோம்."

சோடா சூடேறிக்கொண்டிருந்தது. கடைசியில், அந்த மூன்றாவதையே முதலாவதாக வைத்து, சீனம் என்ற பெயரிலேயே அடித்துத் தர முடியுமா என்று கேட்டேன். மாரியப்பன் தாடையைச் சொறிந்தார். வாசலை ஒருமுறை எட்டிப் பார்த்தார். சீசன் முடியட்டும், அடித்துத் தருகிறேன், ஆனால் விற்காது என்றார். தெரியும் என்றேன்.

மாலை நாலு மணி வண்டியில் திரும்பினேன். மதுரைக்குள் நுழையும்போது நன்றாக இருட்டிவிட்டது. முதல் இரண்டு அத்தியாயங்களைச் சிவகாசியிலேயே விட்டுவிட்டு வந்திருந்தேன். அவை எந்த நாட்டைப் பற்றியவை என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.