உப்புக்கொத்தியின் முட்டைக்கு நான் போட்ட கிடுகு

உம்மா குவைத்துக்குப் போன ஏழாம் மாதம் நான் அவரோடு பேசுவதை நிறுத்திக்கொண்டேன். எனக்கு அப்போது ஒன்பது வயது. பெருநாளுக்கு வந்துவிடுவேன் என்று சொன்னவர், வேலை பார்க்கும் வீட்டுக்காரர்கள் விடுகிறார்களில்லை, இன்னும் ஒரு வருஷம் ஆகும் என்றார். சரி, அப்படியென்றால் எனக்கும் கதைக்க ஒன்றுமில்லை.

ஒவ்வொரு நாளும் மஃரிபுத் தொழுகைக்குப் பிறகு வீடியோ கோல் வரும். போன் அடித்ததும் பாயில் குப்புற விழுந்துவிடுவேன். எங்களைப் பார்த்துக்கொள்ள வந்திருந்த சாச்சி, “புள்ள தூங்கிட்டா ராத்தா” என்று தன் அக்காவுக்குச் சொல்லுவார். ஏழு மணிக்குத் தினமும் தூங்கிப்போகிற பிள்ளை எந்த ஊரில் இருக்கிறது? உம்மாவுக்கும் அது தெரியாமலா இருந்திருக்கும். ஆனால் பிடிவாதம் என்று வந்தால் என்னை யாரும் அசைக்க முடியாது.

பள்ளிக்கூட விடுமுறை நாட்கள்தான் பெரிய தொல்லை. வாப்பாவுக்குப் பாலாவிப் பக்கத்து உப்பளத்தில் வேலை. அவருக்குச் சோற்றுப் பொதியைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு அங்கேயே சுற்றிக்கொண்டிருப்பேன். நடுப்பகலில் ஆட்களெல்லாம் கொட்டிலுக்குள் ஒதுங்கிவிடுவார்கள். வெளியே வெள்ளைப் பாத்திகளும் வெயிலும் நானும்தான். வயிற்றுக்குள் ஏதோ காலியாகக் கிடப்பதுபோல இருக்கும். பசியாக்கும் என்று நினைத்துத் தின்பேன். தின்றாலும் போகாது.

அந்த வருஷம் பறவைகளைப் பற்றி ஆராய்ச்சி செய்ய ஒரு பல்கலைக்கழக மிஸ் வந்திருந்தார். சிங்களப் பிள்ளை, மெலிந்த ஆள், தலையில் பெரிய தொப்பி. உப்புக்கொத்தி என்று ஒரு குருவி, உள்ளங்கைக்குள் அடங்கும். கூடு கட்டுகிற வேலையெல்லாம் அதற்குக் கிடையாது. வரம்பு மண்ணைக் கொஞ்சம் கிளறிவிட்டு அதிலேயே முட்டையிடும். மிஸ் ஒவ்வொரு முட்டைக் குழிக்கும் பக்கத்தில் இலக்கம் எழுதிய குச்சி ஒன்றை நட்டிருந்தார். சற்றுத் தள்ளிச் சின்னப் பெட்டி ஒன்றும் இருக்கும். கிட்டப் போகக் கூடாது, தூர நின்று பார்க்கலாம் என்று வாப்பா மூலம் எனக்குச் சொல்லியிருந்தார். எனக்குச் சிங்களம் வராது, அவருக்குத் தமிழ் வராது. ஆனாலும் அவர் கண்ணில் படுகிற தூரத்தில்தான் நான் உட்காருவேன். ஒரு ஆள் இருக்கிறதே என்று.

பதினோராம் இலக்கக் குழியை நான் எனக்கென்று எடுத்துக்கொண்டேன். மண் நிறத்தில் மூன்று முட்டைகள். தாய்க்குருவி கொஞ்ச நேரம் இருக்கும், பிறகு எழும்பி ஓடிவிடும். கொதிக்கிற வெயிலில் முட்டைகள் தனியாகக் கிடக்கும். திரும்பி வரும், இருக்கும், மறுபடியும் ஓடிவிடும். மூன்று நாள் பார்த்தேன். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

“போறதுக்கெண்டா என்னத்துக்குப் பெத்த?” என்று அந்தக் குருவியைக் கேட்டேன். மிஸ் அன்றைக்கு வேறு பக்கம் போயிருந்தார். கேட்க அங்கே யாரும் இல்லை.

உப்பளத்தில் பிறந்து வளர்ந்த பிள்ளைக்கு ஒன்று தெரியும். வானம் கறுத்தால் ஆட்கள் ஓடிப்போய் உப்பு அம்பாரத்துக்குத் தென்னோலைக் கிடுகு போட்டு மூடுவார்கள். மூடிவிட்டால் பயமில்லை, உப்புத் தப்பிவிடும். நானும் அதைத்தான் செய்தேன். பழைய கிடுகு ஒன்றை இழுத்து வந்து முட்டைகளுக்கு மேல் கூரைபோல வைத்து, காற்றுக்குப் பறக்காமல் இரண்டு முனையிலும் மண்கட்டி ஏற்றினேன். அன்றைக்கு வீட்டுக்குப் போய் வயிறு நிறையச் சாப்பிட்டேன். சாச்சியே என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

மறுநாள் போனபோது மிஸ் குழிக்குப் பக்கத்தில் குந்தியிருந்தார். கிடுகு தள்ளிக் கிடந்தது. ஒரு முட்டையைக் காதோடு வைத்துப் பார்த்துவிட்டு, உயிரில்லை என்பதுபோல மெதுவாகத் தலையை ஆட்டினார். யார் மூடியது என்று வாப்பா எல்லாரையும் கேட்டார். எனக்குத் தெரியாது என்று நானும் சொன்னேன். மிஸ் அந்தச் சின்னப் பெட்டியைக் கழற்றிக்கொண்டு கொட்டிலுக்குள் போய், மடிக்கணினியைத் திறந்து வாப்பாவைக் கூப்பிட்டார். நானும் பின்னாலேயே போனேன். அந்தப் பெட்டி ஒரு கேமரா என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

படத்தில் குருவி தண்ணீருக்கு ஓடியது. வயிற்றைத் தண்ணீரில் அமுக்கி நனைத்தது. சொட்டச் சொட்டத் திரும்பி வந்து முட்டைகளின் மேல் இருந்தது. மிஸ் சிங்களத்தில் சொன்னதை வாப்பா எனக்குத் தமிழில் சொன்னார்.

“வெயில்ல முட்ட வெந்திடுமாம் மகள். அதுக்குத்தான் போய் வயித்த நனைச்சிட்டு வருதாம்.”

பிறகு படத்தில் ஒரு கிடுகும் பச்சைக் கண்ணாடி வளையல் போட்ட இரண்டு கைகளும் வந்தன. வாப்பா என் பக்கம் திரும்பவில்லை. கைகள் போனபின் குருவி வந்தது. வயிறு நனைந்திருந்தது. கிடுகைச் சுற்றிச் சுற்றி ஓடியது. உள்ளே போகப் பயந்து விளிம்பிலேயே நின்றது. வயிறு காய்ந்ததும் மறுபடியும் தண்ணீருக்குப் போய் நனைத்துக்கொண்டு வந்தது. மிஸ் கொப்பியில் கோடு கோடாகக் கீறிக்கொண்டே போனார். பொழுதுபட்டுப் படம் இருளும்வரை பதினேழு தரம்.

என் முகம் தெரியவில்லை, தப்பினேன் என்பதுதான் எனக்கு அப்போது பட்டது.

வீட்டுக்குத் திரும்பும்போது வாப்பா கேட்டார், “மகள், நீயா?”

இல்லை என்றேன். அவர் வளையல் போட்ட என் கையை வீடுவரைக்கும் விடாமல் பிடித்துக்கொண்டு வந்தார்.

மஃரிபு முடிந்தது. போன் அடித்தது. நான் வழக்கம்போலக் குப்புற விழுந்தேன். சாச்சி எடுக்கப் போனார். வாப்பா அவரைத் தடுத்து, போனை அப்படியே கொண்டுவந்து என் தலைமாட்டில் வைத்துவிட்டு வெளியே போனார். அடித்து ஓய்ந்தது. கொஞ்ச நேரத்தில் திரும்ப அடித்தது. ஓய்ந்தது. திரும்ப அடித்தது. வெளிச்சம் கண்ணில் படாதபடி நான் முகத்தைப் பாயில் நன்றாக அமுக்கிக்கொண்டேன்.

குருவி வந்த கணக்கையாவது மிஸ் எழுதி வைத்தார். உம்மா அன்றைக்கு எத்தனை தரம் கோல் எடுத்தார் என்று எண்ண வேண்டுமென்று எனக்குத் தோன்றவே இல்லை.