வாசலில் பார்த்த ஆயில்

வாடகைக் கார் ஸ்டாண்டில் அவருக்குப் பெயரே 'குச்சி'தான். இருபது வருஷத்துப் பழைய வண்டி. காலையில் பல் தேய்க்கிறாரோ இல்லையோ, வாசலில் நிற்கும் வண்டியின் பானெட்டைத் தூக்கி, இன்ஜின் ஆயிலை அளக்கும் குச்சியை உருவித் துடைத்து, மறுபடி விட்டுப் பார்க்காமல் சாவியைத் தொடமாட்டார். ஆயில் மேல்கோட்டைத் தொட்டால்தான் முகத்தில் களை வரும். மனுஷர் யாரையும் லேசில் நம்பமாட்டார், அந்தக் குச்சியைத் தவிர. அதில்தான் வந்தது வினை.

ஒருநாள் ஸ்டீயரிங்குக்குப் பின்னால் ஆயில் குறைவு என்று மஞ்சள் விளக்கு எரிந்தது. குச்சியோ நிறைய இருக்கிறது என்றது. சென்சார்தான் கெட்டுவிட்டது என்று தம்பியிடம் கொண்டுபோனார். தம்பிக்குச் சொந்தமாகச் சின்னப் பட்டறை. அப்பா போன பிறகு அவனை வளர்த்து, தொழில் கற்க அனுப்பி, ஆளாக்கியவர் இவர்தான். அவன் "அண்ணே" என்று கூப்பிட்டால் போதும், இவருக்கு வயிறு நிறைந்துவிடும். அண்ணன் பேச்சுக்கு மறுபேச்சில்லாமல் அவனும் புது சென்சாரை மாட்டினான்.

மறுநாளே விளக்கு எரிந்தது. அவர் கொதித்துப்போய்ப் பட்டறைக்கு வந்தார். தம்பி குச்சியை எடுத்துப் பார்த்தான்.

"அண்ணே, சென்சார் சரியாத்தான் சொல்லுது. ஆயில்தான் கம்மி."

"இப்பதான் ஓட்டிட்டு வந்த வண்டி. ஆயில் கீழ இறங்க வேணாமா? காலைல வாசல்ல பார்த்தேன்டா, நிறைய இருந்துச்சு."

"நீயே பாரு அண்ணே."

"என்னத்தப் பாக்குறது? பழைய சென்சாரையே துடைச்சு மாட்டிட்டு எனக்கே கதை விடுறியா? கூடப்பொறந்தவன் வயித்துலயே அடிச்சுட்டியேடா."

நாலு வாடிக்கையாளர்கள் நின்றிருந்தார்கள். அதோடு விட்டாரா? மறுநாள் காலையில் வாசலில் குச்சியை உருவி அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டுக் காட்டினார். ஸ்டாண்டில் வாய் ஓயாமல் சொன்னார். டிரைவர்கள் ஒவ்வொருவராக வேறு பட்டறைக்குப் போனார்கள். ஆறே மாதத்தில் தம்பி பட்டறையைப் பூட்டிவிட்டு, பெரிய ஒர்க்‌ஷாப் ஒன்றில் கூலிக்குச் சேர்ந்தான். பேச்சுவார்த்தை அற்றுப்போனது. இவர் விளக்கின் மேல் கறுப்பு டேப்பை ஒட்டி நிம்மதியாக வண்டி ஓட்டினார்.

இரண்டு வருஷம் கழித்து, ஆள் ஏற்றிக்கொண்டு மேடு ஏறும்போது இன்ஜின் கடகடவென்று அடித்து அப்படியே இறுகி நின்றுபோனது. இழுவை வண்டி கொண்டுபோய் இறக்கிய இடம் தம்பி வேலை செய்த அதே ஒர்க்‌ஷாப். பானெட்டைத் திறக்க வந்ததும் அவன்தான். சமமான சிமெண்டுத் தரையில் நின்ற வண்டியில் குச்சியை விட்டு எடுத்தான். நுனியில் மட்டும் கொஞ்சம் ஈரம்.

"காலைல கூடப் பாதிக்கு மேல இருந்துச்சே," என்றார் அவர்.

"வீட்டு வாசல்லதானே பார்த்தீங்க?"

"ஆமா."

"அந்த வாசல்ல பந்து வச்சா நிக்குமா? சின்ன வயசுல தெரு முனை வரைக்கும் நாம ரெண்டு பேரும் துரத்திட்டு ஓடலையா? அந்தச் சரிவுல வண்டி முன்பக்கம் இறங்கி நிக்கும். ஆயில் முழுக்க முன்னால வந்து தேங்கும். குச்சியும் அங்கதான இருக்கு, கம்மியா இருந்தாலும் நிறையக் காட்டும்."

"இது உனக்கு எப்பத் தெரியும்?"

"அன்னிக்குத் தெரியலை. பட்டறையைப் பூட்டினதுக்கப்புறம் யோசிக்க நிறைய நேரம் கிடைச்சுது."

"ஏன்டா வந்து சொல்லலை?"

"சொன்னா நம்பியிருப்பீங்களா?"

அவர் குனிந்துகொண்டார். "தப்பு பண்ணிட்டேன்டா. பெரிய தப்பு."

தம்பி குச்சியைத் துடைத்து இருந்த இடத்தில் செருகினான். பானெட்டை மூடினான்.

"இந்த இன்ஜின் இனி ஆகாது. மத்ததெல்லாம் உள்ள ஓனர்கிட்ட கேட்டுக்குங்க சார்," என்று சொல்லிவிட்டு அடுத்த வண்டிக்குப் போனான்.