பேயின் அங்கிக்கு இஸ்திரி போட்டவள்

அந்தத் துப்பறியும் படத்தில் பேய்க்கு இருந்தது ஒரே ஒரு வெள்ளை அங்கி. மாற்று அங்கிக்கு வக்கில்லாத கம்பெனி. அதைத் துவைத்து இஸ்திரி போடுவது அவள் வேலை.

கதாநாயகிக்கோ அலறவே வராது. பேயைக் கண்டு வாய் திறந்தால் பூனை தும்மியது போலிருக்கும். அன்றும் தும்மிக்கொண்டிருந்தாள். வாயைப் பொத்திச் சிரித்தபடி வேடிக்கை பார்த்து நின்ற இஸ்திரிக்காரிக்குத் திடீரென்று தீய்ந்த வாடை அடித்தது. இஸ்திரிப் பெட்டியை அங்கியின் மேலேயே வைத்துவிட்டு வந்திருந்தாள்.

"ஐயோ, பெட்டி!"

படப்பிடிப்புக் கூடமே கிடுகிடுத்தது. ஒலிப்பதிவு ஓடிக்கொண்டிருந்தது.

இயக்குநர் அந்த அலறலைக் கதாநாயகியின் வாயில் ஒட்டினார். அதற்குத் தோதாக மாடியில் ஒரு மரப்பெட்டியை வைத்து, பிணத்தையும் அதற்குள் திணித்தார். அலறலுக்குள்ளேயே துப்பை ஒளித்த மூளை என்று ஊரே மெச்சியது. படம் ஓடோ ஓடென்று ஓடியது. இவளுக்குக் கிடைத்தது, அங்கியைக் கருக்கியதற்கு வசவு.

"அந்தக் குரல் என்னோடது" என்று அவள் சொல்லாத நாளில்லை. "அப்போ அந்தப் பேயும் நீதானா?" என்று சிரித்த கணவன், நம்பாமலே போய்ச் சேர்ந்தான். மகளும் அப்பனுக்குத் தப்பாமல் பிறந்திருந்தாள். சாவதற்குள் மகளாவது நம்பிவிட மாட்டாளா என்பதுதான் இப்போது கிழவியாகிவிட்ட அவளுக்கு ஒரே ஏக்கம்.

இன்று மதியம் அந்தப் படத்தை மறுபடி திரையிட்டார்கள். மகளையும் இழுத்துக்கொண்டு போனாள். படம் முடிந்ததும் மேடையில் வயதான கதாநாயகி.

"பெட்டின்னு கத்தணும்னு எப்படிம்மா தோணிச்சு?" என்று கேட்டார் விழாவை நடத்தியவர்.

"ராத்திரியெல்லாம் யோசிச்சேன்" என்றாள் கதாநாயகி.

கிழவி துள்ளி எழுந்தாள். "பொய்! அது இஸ்திரிப் பெட்டி!"

"பெரியம்மா, உக்காருங்க, மறைக்குது" என்றது பின்வரிசை. அரங்கமே சிரித்தது.

"மானம் போகுதும்மா" என்று மகள் கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்தாள்.

வீட்டில் மகள் மறுநாள் வேலைக்குச் சட்டை தேய்த்தாள். செல்போன் அடிக்கவே, பெட்டியை அப்படியே வைத்துவிட்டு வாசலுக்கு நகர்ந்தாள். சற்று நேரத்தில் உள்ளே புகை.

"ஐயோ, பெட்டி!"

மகளின் கையிலிருந்து செல்போன் நழுவியது. ஓடிவந்தவள் அறை வாசலில் சிலையாக நின்றாள்.

"அம்மா... மத்தியானம் கேட்ட அதே குரல். அது நீதானா?"

"இத்தனை வருஷம் கழிச்சு இப்பதான் காது தொறக்குது பாரு! முதல்ல பெட்டியத் தூக்குடி!"