அவரைக்குத் தூவிய சாம்பல்

சாம்பல் புதன் காலைப் பூசையில் ஃபாதர் என் நெற்றியில் சாம்பலால் சிலுவை வரைந்தார். கொஞ்சம் மூக்கின்மேல் உதிர்ந்தது. அந்த வாசனையில் எடமலைப்பட்டி புதூரில் இருந்த எங்கள் அவரைப் பந்தல் கண்முன் வந்து நின்றது.

அறுபதுகளில் அடுப்புச் சாம்பல்தான் எங்கள் தோட்டத்துக்குப் பூச்சி மருந்து. விடிந்ததும் ரோசி அக்கா அதைத் துணியில் முடிந்து இலைமேல் உதறுவாள். "பனி காயறதுக்குள்ள தூவுடி, அப்பதான் ஒட்டும்" என்பாள். நான் தூவினால் பாதி என் தலையில் விழும். அவளுக்கோ சாணம் அள்ளுவதிலிருந்து பாத்தி கட்டுவதுவரை எல்லாம் கைவந்துவிட்டது.

அம்மா படுத்த படுக்கையான வருடம் அப்பா சொன்னார்: "ரோசி இனிமே ஸ்கூலுக்குப் போக வேணாம். அவ இல்லேன்னா தோட்டம் காஞ்சு போயிடும். சின்னவ படிக்கட்டும்."

வேலையை நன்றாகக் கற்றுக்கொண்டவளுக்குக் கிடைத்தது அதுதான்.

பள்ளி திறந்த அன்று அக்கா என் விரல்களைச் சீயக்காய் போட்டுத் தேய்த்துக் கழுவினாள். "சாம்பக் கையோட போனா டீச்சர் திட்டுவாங்க." தன் கையைக் கழுவாமலே பந்தலுக்குத் திரும்பிப் போனாள்.

கோயிலுக்கு வெளியே என் மகள் கைக்குட்டையை நீட்டினாள். "நெத்தியத் துடைச்சுக்கம்மா."

வேண்டாம் என்றேன். அக்கா ஒருமுறை என் சாம்பலைக் கழுவிவிட்டதே போதும்.