ஒரு மோட்டார், இரண்டு மீட்டர்

எரிந்துபோன மோட்டாரை நாலு பேர் பார்த்துக் கைவிட்ட பிறகுதான் ஆம்பியரிடம் கொண்டுவருவார்கள். அவர் மூடியைக் கழற்றுவார், மூக்கைக் கிட்டே கொண்டுபோய் ஒரு இழுப்பு இழுப்பார், எந்தப் பக்கத்துக் கம்பிச்சுருள் கருகியிருக்கிறது என்று சொல்லிவிடுவார். மீட்டர் வைத்துப் பார்ப்பதெல்லாம் பிறகுதான், அதுவும் வந்தவருடைய மனத் திருப்திக்காக. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர். பெரிய படிப்புப் படித்தவர்கள் அவருடைய பட்டறை வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள். கடைத்தெருவே அவரை 'ஆம்பியர்' என்று கூப்பிட்டது சும்மா இல்லை. நாற்பத்தோரு வருஷத்தில் அவர் கம்பி சுற்றிக் கட்டிய மோட்டார் ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. வந்தது இரண்டு. அது தண்ணீர் புகுந்து வந்தது, கணக்கில் சேராது.

அப்பேர்ப்பட்ட மனிதர் நாலு மாசமாகப் பட்டறை ஷட்டரைத் தூக்கவில்லை. உடம்பில் ஒரு கோளாறும் இல்லை என்று ரத்தம், இதயம் எல்லாம் பார்த்துச் சொல்லிவிட்டார்கள். ஆனால் காலையில் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தால் செருப்புக்குள் கால் போகாது. போனாலும் எழுந்திருக்க மனசு வராது. சாவி தலையணைக்கடியில் கிடந்தது. பட்டறைக்குள்ளே ஏழு மோட்டார்கள் வாயைத் திறந்தபடி கிடந்தன.

"கடவுள்கிட்ட சொல்லி ஆறணுங்க" என்றாள் மனைவி. போனில் பிரார்த்தனையோடு ஆறுதல் சொல்லும் ஒருவரைக் கண்டுபிடித்து வைத்திருந்தாள்.

"அம்மா, இதுக்குப் பேரு மனச்சோர்வு. இதுக்குன்னு படிச்சவங்க இருக்காங்க" என்றாள் மகள். அவளும் போனில்தான் ஒரு ஆலோசகரம்மாவைப் பிடித்திருந்தாள்.

இரண்டு பேரும் மல்லுக்கு நின்றதைப் பார்த்துவிட்டு ஆம்பியர் தீர்ப்புச் சொன்னார். "ரெண்டையும் போடு. ஒரே மீட்டரை நம்பி எவனாவது மோட்டாரைக் கட்டுவானா?"

செவ்வாய்க்கிழமை பிரார்த்தனைக்காரர். கண்ணை மூடச் சொல்வார், குரல் வெல்லப்பாகு மாதிரி இருக்கும். "பாரத்தை இறக்கி வைங்க ஐயா. சுமக்கிறவர் மேல இருக்காரு." வியாழக்கிழமை ஆலோசகரம்மா. அவர் கண்ணை மூட விடமாட்டார். எத்தனை மணிக்கு எழுந்தீர்கள், என்ன செய்தீர்கள் என்று துருவுவார். "ஒரு சின்ன வேலையையாவது எடுத்துச் செய்ங்க ஐயா. மனசு வர்ற வரைக்கும் காத்திருக்க வேணாம்."

ஆம்பியருக்குத் தலை கிறுகிறுத்தது. "இவரு இறக்குங்கறாரு, அவங்க எடுங்கறாங்க. நான் இறக்கவா, எடுக்கவா?"

"ரெண்டும் ஒண்ணுதாம்ப்பா" என்றாள் மகள்.

"எப்படி ஒண்ணாகும்? லாரியில லோடு ஏத்தறதும் இறக்கறதும் ஒண்ணா?"

மூன்றாவது வாரம், சொல்லிவைத்த மாதிரி, இரண்டு பேரும் போனுக்கு ஒரே படிவத்தை அனுப்பினார்கள். ஒன்பது கேள்வி, ஒவ்வொன்றுக்கும் கீழே 0, 1, 2, 3 என்று நாலு கட்டம். கேள்வியெல்லாம் பொடிப் பொடி எழுத்து. கண்ணாடி போட்டுக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படிப்பதை வீட்டில் யாராவது பார்த்தால் என்ன ஆவது? மகளைக் கேட்பது அதைவிடக் கேவலம். எண் தெரிகிறதே, போதாதா? மார்க்தான் போடச் சொல்கிறார்கள் என்று அவரே முடிவு கட்டினார். படித்த பெண்மணி நம்மை லேசாக நினைத்துவிடக் கூடாது. ஆலோசகரம்மாவுக்கு ஒன்பதிலும் மூன்று. முழு மார்க். கடவுள் சன்னதியில் என்ன பெருமை வேண்டிக் கிடக்கிறது? பிரார்த்தனைக்காரருக்கு ஒன்பதிலும் சைபர்.

செவ்வாய்க்கிழமை பிரார்த்தனைக்காரர் உருகிப்போனார். "ஐயா, ஒரு குறையும் இல்லைன்னு போட்டிருக்கீங்க! மூணே வாரத்துல கடவுள் கண்ணீரைத் துடைச்சுட்டாரு பாருங்க. இனிமே மாசம் ஒரு தரம் பேசினா போதும்." மனைவி சந்தோஷத்தில் தலையணையைத் தூக்கிச் சாவியை எடுத்து அவர் கையில் வைத்தாள். ஆம்பியர் செருப்புக்குள் ஒரு காலை விட்டார். அப்படியே மத்தியானம் வரைக்கும் உட்கார்ந்திருந்தார். குறையில்லாத மனுஷனுக்கு இன்னொரு கால் ஏன் நகரவில்லை?

வியாழக்கிழமை ஆலோசகரம்மா சிரிக்கவில்லை. "ஐயா, வீட்டுல பக்கத்துல யாராவது இருக்காங்களா?"

"சம்சாரம் இருக்கா. ஏம்மா, மார்க் பத்தலையா?"

"அது மார்க் இல்லீங்க ஐயா. எத்தனை நாள் கஷ்டமா இருக்குன்னு கேட்டது. மூணுன்னா அநேகமா தினமும். ஒன்பதாவது கேள்வி, உயிரோட இருக்கவே வேணாம்னு தோணுதான்னு. அதுக்கும் மூணு போட்டிருக்கீங்க."

ஆம்பியர் பெரிதாகச் சிரிக்க வாயைத் திறந்தார். திறந்த வாயை அப்படியே மூடிக்கொண்டார். தப்பாகப் போட்டுவிட்டேன் என்று சொல்ல வேண்டியதுதானே? எது தப்பு, எது சரி என்று அவருக்கே பிடிபடவில்லை.

துண்டால் கையைத் துடைத்தபடி மனைவி வாசற்படியில் நின்றாள். போன் ஸ்பீக்கரில் இருந்ததால் எல்லாம் காதில் விழுந்திருந்தது.

"அவருக்குச் சைபர். இவங்களுக்கு மூணு. கூடவே இருக்கிறவ, எனக்கு என்னங்க போட்டீங்க?"

"அம்மா, கேள்வியை நீங்களே படிங்க, ஐயா சொல்லட்டும்" என்றார் ஆலோசகரம்மா. "மறுபடியும் போடலாம்."

மனைவி கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தாள். தூக்கத்துக்கு மூன்று. பசிக்கு ஒன்று. ஆறாவது கேள்வியில் நிறுத்தி நிறுத்திப் படித்தாள்: "தோற்றுப்போய்விட்டதாக, குடும்பத்துக்குத் தலைகுனிவு தேடித் தந்துவிட்டதாக..."

"நானா? நான் கட்டின மோட்டாரு ஒண்ணுகூடத் திரும்பி..." என்று ஆரம்பித்தவர் குரல் இறங்கியது. "ரெண்டு வந்துச்சு. ரெண்டாவது நாலு மாசம் முன்னாடி. அதுல தண்ணி புகல. நானே கனெக்‌ஷனை மாத்திக் குடுத்திருக்கேன். நேத்து வேலைக்கு வந்த பையன்கூட இப்படிச் செய்யமாட்டான். திறந்து முகர்ந்து பார்த்தேன், ஒரு வாசனையும் தெரியல. மீட்டர் வச்சுத்தான் கண்டுபிடிச்சேன்."

"எங்கிட்ட சொல்லவே இல்லையே!"

"உங்கிட்ட தண்ணி புகுந்துச்சுன்னு சொன்னேன்."

அவள் மூன்று என்று அமுக்கினாள். ஒன்பதாவது கேள்வியைப் படிக்காமல் அவர் முகத்தைப் பார்த்தாள்.

"சாகணும்னெல்லாம் இல்ல" என்றார் அவர். "கண்ணு முழிச்சா, ஏன்டா முழிச்சோம்னு இருக்கும். எல்லா நாளும் இல்ல. நீயே பார்த்துப் போடு."

கூட்டினால் இருபத்தேழுக்குப் பதினேழு.

"பாஸா, ஃபெயிலா?"

"ரெண்டும் இல்லீங்க ஐயா. மீட்டர்ல வர்ற ரீடிங் மாதிரி" என்றார் ஆலோசகரம்மா. நாளைக்கே மகளையும் கூட்டிக்கொண்டு நேரில் ஒரு மனநல டாக்டரைப் பார்க்க வேண்டும், அந்த எண்ணம் முற்றினால் எந்த நேரமானாலும் உடனே கூப்பிட வேண்டும், அம்மா கூடவே இருக்க வேண்டும் என்றெல்லாம் சொன்னார். ஆம்பியருக்கு விளங்கியது 'ரீடிங்' மட்டும்தான். ரீடிங்கை யாரும் திட்டுவதில்லை. அது சரி, ரீடிங் தெரிந்த பிறகு இறக்குவதா, எடுப்பதா?

போன் வைத்த பிறகு, "செவ்வாய்க்கிழமைக்காரருக்கும் இதையே அனுப்பு" என்றார்.

"கடவுளுக்குத் தெரியாதாங்க?"

"கடவுளுக்குத் தெரியும். அவருக்குத் தெரியாதில்ல?"

அவள் அனுப்பினாள். அவர் செருப்பில் ஒரு காலை விட்டார். கொஞ்ச நேரம் அதையே பார்த்துவிட்டு, "இந்தா, அந்தக் கண்ணாடியைக் குடு, நானே ஒரு தரம் படிக்கறேன்" என்று கையை நீட்டினார்.