முந்திக்கொண்ட டெல்டா

யாங்கோனில் நான் கணிதம் படித்த கல்லூரியில், பகுப்பாய்வுத் தேற்றங்களைச் சத்தமாக ஒப்பித்துத்தான் பரீட்சைக்குப் போவோம். ஒரு நிரூபணத்தில் எங்கள் சயாமா, அதாவது ஆசிரியை, எப்சிலான் என்ற எண்ணைச் சொல்லும் முன்பே, அதைப் பொறுத்து அமைய வேண்டிய டெல்டாவைத் தேர்ந்தெடுத்திருந்தார். எப்சிலான் எவ்வளவு என்று தெரியாமல் டெல்டா எங்கிருந்து வரும்? பரீட்சையில் திருத்தி எழுதினேன். பூஜ்யம் போட்டார். அவர் எழுதியதை அப்படியே எழுதிய பபேடான் பகுதியிலிருந்து வரும் என் தோழி செல்விக்கு முழு மதிப்பெண்.

“அது தப்புன்னு உனக்குத் தெரியலையா?” என்று பஸ்ஸில் அவள்மேல் எரிந்து விழுந்தேன்.

“தெரியும்டி. அதையும் சேர்த்துத்தான் மனப்பாடம் பண்ணேன்.”

இன்று செல்வி அங்கே சயாமா. அவளிடம் படிக்கும் என் தங்கை வீட்டில் ஒப்பிக்கிறாள். டெல்டாதான் முதலில் வருகிறது. பழைய சயாமாவை எப்போதோ மன்னித்துவிட்டேன். தப்பென்று அவருக்குத் தெரியவில்லை. செல்விக்குத் தெரியும்.