அசாதாரண சத்தம்: அண்ணனிடம்

1994-ல் நடந்தது. ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் நான் மெயின்டனன்ஸ் ஃபிட்டர். வீடு ஜூஜுவாடியில். எனக்கு முன்கோபம் அதிகம். அதை மறைக்கப் போவதில்லை.

பெங்களூர் ஹோட்டல் ஒன்றில் டிரம்ஸ் வாசித்த என் தம்பி, அங்கே கொகெய்ன் பழகி மூன்று வருடம் அதிலேயே கிடந்தான். ஒருவழியாக விட்டுவிட்டு என் வீட்டுக்கு வந்தான். விட்டாயிற்றே, இனி சரியாகிவிடுவான் என்று நினைத்தேன். ஆனால் அவனுக்குத் தூக்கமும் இல்லை, சிரிப்பும் இல்லை. சானமாவு பக்கம் மாமனார் ஊருக்குக் கூட்டிப்போனேன். பட்டப்பகலில் ஏரியில் யானைக் கூட்டம். ஊரே கரையில் நின்று கூச்சல் போடுகிறது. இவன் தன் செருப்பையே பார்த்துக்கொண்டு நிற்கிறான்.

“யானையே வந்து நிக்குது, உனக்கு என்னடா திமிரு?” என்று எல்லார் முன்னாலும் அறைந்தேன்.

அவன் அழக்கூட இல்லை. “எனக்கு ஒண்ணுமே தோணலண்ணா. கடைசி வரைக்கும் இப்படியே இருந்துடுவேனா?” என்றான்.

மறுநாளே பெங்களூரில் டாக்டரிடம் போனோம். மனநிலை, தூக்கம் எல்லாவற்றிலும் செரோடோனின் என்ற பொருளுக்குப் பங்கு உண்டாம். மூளைச் செல்களில் அதை வாங்கிக்கொள்ளும் இடங்களுக்கு ரிசெப்டர் என்று பெயர். கொகெய்ன் பொடியை வருடக்கணக்கில் இழுத்தால் அவற்றின் வேலை தாறுமாறாகிவிடும். விட்ட பிறகும் நிதானத்துக்கு வர மாதக்கணக்கில் ஆகலாம். “திமிரு இல்லைங்க, உடம்பு. அடிச்சா சரியாகாது” என்று என் முகத்துக்கு நேரே சொன்னார். மருந்து கொடுத்து, சாப்பாடு, தூக்கம், மனநிலை மூன்றையும் தினமும் குறித்து வரச் சொன்னார்.

எனக்குத் தெரிந்த குறிப்பு ஒன்றுதான். தொழிற்சாலையில் மெஷினுக்கு மாட்டும் பராமரிப்பு அட்டையை அப்படியே தமிழில் எழுதிச் சுவரில் மாட்டினேன். எண்ணெய் என்றால் சாப்பாடு, ஓய்வு என்றால் தூக்கம், அசாதாரண சத்தம் என்றால் சிரிப்பு. என் மனைவி எழுதுவாள். ஷிப்ட் முடிந்து வந்து, தொழிற்சாலையில் செய்வது போலவே, படிக்காமல் கையெழுத்துப் போடுவேன்.

ஒரு ஞாயிறு காலை சைக்கிள் சாவியைக் காணோம் என்று கத்திக்கொண்டிருந்தேன். உள்ளே வேறொரு சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால், தம்பி அட்டை முன்னால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறான். கண்ணில் தண்ணீர்.

“அண்ணா, தெனமும் ‘அசாதாரண சத்தம்: அண்ணனிடம்’னு அண்ணி எழுதியிருக்காங்க. கீழ நீயே கையெழுத்து போட்டிருக்க!”

“பின்ன என்னங்க தம்பி, பொய்யா எழுத முடியும்?” என்றாள் அடுப்படியிலிருந்து.

கோபம் வரவேண்டிய இடம்தான். வரவில்லை. அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நானும் சிரித்தேன். பிறகும் பல நாள் அவன் முகம் தொங்கத்தான் செய்தது. ஆனால் கடைசி வரைக்கும் இப்படியேதானா என்று மறுபடி கேட்கவே இல்லை.

எவனாவது உம்மென்று இருந்தால் இன்றும் எனக்குக் கை துறுதுறுக்கும். என்ன உபாதையோ பாவம் என்று ஒரு நிமிடம் நின்று யோசிக்க வைத்தவன், நான் ஊர் முன்னால் அறைந்த என் தம்பிதான்.